றொசல்லவில் எனக்குக் கொடுத்த தண்ணீர்

ஹட்டன் பக்கம் போக எந்த மாதம் நல்லது, ரயிலில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்குள் போய்ப் பார்க்க விடுவார்களா என்று கேட்டு இந்த வலைப்பதிவுக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. மாதம் பெப்ரவரி. பக்கம் வலப்பக்கம். மூன்றாவது கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியாது. அந்தப் பக்கம் நான் இரண்டு தடவை போயிருக்கிறேன், 1979 பெப்ரவரியில் ஒரு தடவை, 1981 மார்ச்சில் ஒரு தடவை. இரண்டும் உத்தியோக விஷயமாக, இரண்டும் தன்னந்தனியாக. அந்தக் கதையைச் சொன்னால்தான் மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்கும். பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பத்திகளுக்குப் போய்விடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கொழும்பில் தேயிலை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கிளார்க். கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை அறை, ஒரு கட்டில், ஞாயிறு காலையில் மாதா கோயிலில் பூசை. அப்பா ஹட்டன் டவுனில் பிறந்தவர், ஆனால் நான் பிறக்கும் முன்பே கொழும்புக்கு வந்துவிட்டார். எனக்கு ஆறு வயதில் அவர் இறந்துவிட்டார், பிறகு அம்மாவும். ஆகவே மலைநாட்டுக்காரன் என்று சொல்லிக்கொள்ள மலைநாடு தெரியாது, கொழும்புக்காரன் என்று சொல்லிக்கொள்ள கொழும்பில் ஆள் கிடையாது. கம்பெனியில் தோட்டத்துத் தமிழ் காதில் விழுந்தால் புரிகிறவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

வேலை இதுதான். எங்களிடம் தேயிலை வாங்கும் ஒரு வெளிநாட்டுக் கடைக்காரருக்குத் திடீரென்று பயம் பிடித்துவிட்டது. அவருடைய ஊரில் யாரோ தோட்டத்து ஆட்களின் நிலைமை பற்றிப் பத்திரிகையில் கிழித்துவிட்டார்களாம். அதனால் பதினொரு கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை அனுப்பியிருந்தார். இந்தத் தேயிலை வருகிற தோட்டத்தில் லயங்களுக்குக் கூரை இருக்கிறதா, மண் கரையாமல் பாதுகாக்கிறார்களா, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகப் பிள்ளை மடுவம் இருக்கிறதா என்று போகும். ஏழாவது கேள்வி: தொழிலாளர் குடிக்கும் தண்ணீர், தேயிலை மலையில் அடிக்கும் புல்கொல்லி மருந்து படாத தண்ணீரா? எல்லாவற்றுக்கும் ஆம் அல்லது இல்லை. கீழே, 'நேரில் பார்த்து உறுதி செய்தவர்' என்று ஒரு கையெழுத்துக் கோடு.

எங்கள் டைரக்டரை நாங்கள் பெரிய ஐயா என்றுதான் சொல்வோம். அவர் படிவத்தை என் கையில் கொடுத்து, "எல்லாம் ஆம் என்றுதான் வரும். ஆனாலும் கண்ணால் பார்த்துவிட்டுப் போடு. பொய் சொன்னோம் என்று யாரும் சொல்லக் கூடாது" என்றார். அடேயப்பா, எவ்வளவு நேர்மையான மனிதர் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன்.

கோட்டையில் காலை ஒன்பதே முக்காலுக்கு ரயில். மூன்றாம் வகுப்பு, பதினொரு ரூபாய் சொச்சம். ஹட்டன் நூற்றெட்டு மைல், சேரும்போது பிற்பகல் இரண்டு நாற்பது. நாவலப்பிட்டி தாண்டியதும் ரயில் மூச்சு வாங்கி ஏறத் தொடங்கும், குளிர் ஜன்னல் வழியாக உள்ளே வரும். எதிரில் ஒரு குடும்பம் பெரிய சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து ஆறு பேராகச் சாப்பிட்டது. எனக்கும் ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், என்ன வெட்கமோ தெரியவில்லை. பிறகு ஹட்டன் வரும்வரை அந்தப் புளிச்சோற்று வாசத்தை மோந்துகொண்டே வந்தேன். இதிலிருந்து முதல் பாடம்: ரயிலில் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுங்கள்.

தோட்டத்திலிருந்து ஜீப் வரும் என்றார்கள். ஜீப் வரவில்லை. டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடைக்கு மேலே அறை எடுத்தேன், பன்னிரண்டு ரூபாய். எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். "தனியாவா வந்தீங்க தம்பி? தோட்டத்தப் பாக்கவா? அதுல என்னா இருக்கு பாக்க, பச்ச பச்சயா!" என்று சிரித்தார். பிறகு இரண்டு போர்வை கொடுத்து, மூன்றாவதாக ஒன்றைத் தானே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஆறு மணிக்கே மூடுபனி தெருவுக்கு இறங்கிவிட்டது. என்னிடம் பேச ஒருவரும் இல்லாத ஊரில், பேச ஒருவரும் இல்லாத அறையிலிருந்து வந்த நான், படிவத்தை நான்கு தடவை படித்தேன்.

மறுநாள் காலை ஐந்தே காலுக்கு கினிகத்தேனைப் பக்கம் போகும் பஸ். எழுபத்தைந்து சதம். ஐந்து மைலுக்குக் கொஞ்சம் குறைவாகப் போய், தோட்டத்துச் சந்தியில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து ஒன்றரை மைல் ஏற்றம். தோட்டத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. றொசல்ல ஸ்டேஷனிலிருந்து நடந்து போகலாம் என்பது மட்டும் போதும்.

ஆறரைக்குப் பெரட்டுக் களத்தில் நின்றேன். காலையில் ஆட்களை எண்ணி, இன்ன மலைக்கு இன்னார் என்று பிரித்து அனுப்பும் இடம் அது. சாக்குப் படங்கை இடுப்பில் சுற்றி, கூடையை முதுகில் போட்டுக்கொண்டு பெண்கள் நின்றார்கள். கண்டாக்கையா, அதாவது வெளி வேலைகளைப் பார்க்கும் உத்தியோகத்தர், தொப்பியோடு நின்றார். தோட்டத்தை நடத்தும் துரை ஜீப்பில் சாய்ந்துகொண்டு நின்றார். ஜீப் இருந்தது, கவனியுங்கள். நான் நடுவில் போய் நின்று, படிவத்தைத் தமிழில் மாற்றி, உரக்க ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். எனக்கு அதில் ஒரு பெருமை வேறு.

"குடிக்கிற தண்ணீர் நல்ல தண்ணீரா?"

"நல்ல தண்ணிதாங்க" என்று களமே சொன்னது.

"மருந்து ஏதாவது கலக்கிறதா?"

"இல்லீங்க."

கண்டாக்கையா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எவ்வளவு லேசான வேலை!

பிறகு அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். லயங்களுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. விரலில் ஒட்டுகிற அளவுக்குப் புதிது. ரோட்டிலிருந்து தெரியும் சுவருக்கு மட்டும்தான் அடித்திருந்தார்கள் என்பதையும் பார்த்தேன், கூரைக்கும் சுண்ணாம்புக்கும் சம்பந்தம் இல்லை என்று விட்டுவிட்டேன். முன்பெல்லாம் புல்லைச் சுரண்டியால் வெட்டுவார்களாம். அதற்கு ஆள் அதிகம், மண்ணும் கரையும், இப்போது மருந்து அடிக்கிறோம், ஆளும் மிச்சம் மண்ணும் மிச்சம் என்றார் கண்டாக்கையா. மருந்தை எங்கே கலக்குகிறீர்கள் என்று நான் கேட்டேன். "அது மேலங்க" என்று கையை வீசிக் காட்டினார். மேலே என்றால் வானம்கூட மேலேதான். நான் ஏறிப் பார்க்கவில்லை. காலில் சப்பாத்து கடித்தது.

மூன்றாவது லயத்துக்கு அருகில் பீலி இருந்தது. ஓடையிலிருந்து குழாய் வழியாக வந்து விழும் தண்ணீரைத்தான் அங்கே பீலி என்பார்கள். குளிப்பது, துவைப்பது, குடிப்பது எல்லாம் அதில்தான் என்றார் கண்டாக்கையா. தண்ணீர் கண்ணாடி போல் விழுந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன், ஒரு குறையும் தெரியவில்லை.

மத்தியானம் பன்னிரண்டு பத்து இருக்கும். பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் லயத்துக்கு வந்திருந்தார்கள். கண்டாக்கையா தன் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். எனக்குத் தாகம். அந்த லயத்தின் கடைசி வீட்டு, அதாவது கடைசிக் காம்பராவின் வாசலில் ஒரு பெண் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார், முப்பத்தைந்து வயதிருக்கும். சுவரில் மாதா படம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது.

"அக்கா, கொஞ்சம் தண்ணீர் தருவீர்களா?"

"ஐயய்யோ, உள்ள வாங்க! வெளிய நிக்கிறீங்களே. மதலேன்னு வேற சாமி பேரு வச்ச பொம்பள வீட்டு வாசல்ல தாகத்தோட நின்னா எனக்குப் பாவமில்லையா?" என்றார். அவர் பெயர் லூர்து மதலேன். எல்லோரும் லூர்தம்மா என்பார்களாம். மூலையில் பித்தளைக் குடம் ஒன்று, மேலே தட்டுப் போட்டு மூடி, தட்டுக்கு மேலே துணி போட்டு இருந்தது. அதிலிருந்து சொம்பில் மொண்டு இரண்டு கையாலும் கொடுத்தார். அதற்குப் பக்கத்திலேயே ஒரு தகர வாளி நிறையத் தண்ணீர் திறந்து கிடந்தது. இரண்டையும் நான் பார்த்தேன். பார்த்தவன் யோசித்திருக்க வேண்டாமா?

அந்த மாதிரித் தண்ணீரை நான் குடித்ததே இல்லை. குளிர்ந்து, லேசாகக் கல் வாசத்தோடு, இனித்தது. இன்னொரு சொம்பு கேட்டேன். கொடுத்துவிட்டு, ரொட்டி ஒன்றும், மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் வைத்தார். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு, "வீட்ல யாரு சமைக்கிறா?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன். "அதான் பாத்தேன், சாப்புடுறதப் பாத்தாலே தெரியுதே" என்றார். அப்படி ஒருவர் என்னைப் பார்த்துச் சொல்லிப் பல வருடம் ஆகியிருந்தது.

அவர் முன்னாலேயே படிவத்தை எடுத்து மடியில் விரித்து, ஏழாவது கேள்விக்கு 'ஆம்' என்று சரி போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன். "என்னாங்க எழுதுறீங்க?" என்றார். "உங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று எழுதுகிறேன்" என்று சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கண்டாக்கையா ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து நின்றார். லூர்தம்மா ரொட்டியைத் திருப்பப் போய்விட்டார்.

பிற்பகல் துரையின் பங்களாவில் தேத்தண்ணி, நாலே கால் வரைக்கும் உபசாரம். ஜீப்பில் விடுவதாகச் சொன்னார்கள், நான் நடக்கிறேன் என்றேன். றொசல்லவுக்குக் குறுக்குப் பாதையில் இரண்டு மைல். அங்கே மாலை ஐந்தே முக்காலுக்கு நாவலப்பிட்டி போகும் மெதுவான ரயில் நிற்கும். பாதை தேயிலைக்குள்ளாக ஏறி, ஒரு முகட்டைத் தாண்டி, தண்டவாளத்துக்கு மேல்பக்கமாக இறங்கும். ஆள் நடமாட்டமே இல்லை. என் சப்பாத்துச் சத்தத்தை நானே கேட்டுக்கொண்டு போனேன்.

முகட்டுக்கு அப்பால், பாறைக்கு அடியில் ஓர் ஊற்று. அங்கே குந்தியிருந்து, அதே பித்தளைக் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார் லூர்தம்மா. வேலை விட்டதும் வீட்டில் குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார் போலும், படங்கைக்கூட அவிழ்க்கவில்லை.

"இவ்வளவு தூரம் ஏன் வந்தீர்கள்? பீலி வாசலிலேயே இருக்கிறதே" என்றேன்.

அவர் குடத்தை நிமிர்த்தி வைத்தார். "ஐயா, பீலித் தண்ணிய நாங்க குடிக்கிறதில்லீங்க. மழ நாள்ல, வர முடியாத நாள்ல குடிப்போம். மேல ஓடக்கரையிலதான் மருந்து கலக்குற தொட்டி. டின்னு கழுவுறதும் அங்கதான். மருந்தடிக்கிற நாள்ல பீலியில நொர வரும். போன வருசம் நண்டெல்லாம் செத்து மெதந்துச்சு. புள்ளைகளுக்கு ஒடம்பெல்லாம் அரிப்பு."

"காலையில் கேட்டேனே! எல்லோரும் நல்ல தண்ணீர் என்றீர்களே!"

"பெரட்டுல வச்சுக் கேட்டா யாருங்க சொல்லுவா? கண்டாக்கையா பக்கத்துலயே நிக்கிறாரு. நாளைக்கு அரைப்பேரு போட்டுருவாரு." அரைப்பேர் என்றால் முழு நாள் வேலை செய்தாலும் பாதி நாள் சம்பளம்.

"சரி, நீங்கள் எனக்குக் கொடுத்தது?"

"இந்தத் தண்ணிதாங்க." அவருக்குக் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது. "வந்தவங்களுக்குப் பீலித் தண்ணியவா குடுப்போம்?"

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். இந்த மனிதர்கள் விருந்தாளிக்கு நஞ்சைக் கொடுக்க மனமில்லாமல் ஒரு மைல் தூரம் சுமந்த தண்ணீரைக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் குடித்துவிட்டு, இங்கே தண்ணீர் அமிர்தம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான் ஒரு மடையன்.

லூர்தம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்: "அந்தத் தொட்டிய மட்டும் பீலிக்குக் கீழ மாத்தச் சொல்லி எழுதுங்க ஐயா. வேற ஒண்ணும் வேணாம். மழ காலத்துல இந்தப் பாத வழுக்கும், கொடத்தோட எறங்குறது கஷ்டம்."

"எழுதுகிறேன்" என்றேன். "சத்தியமாக எழுதுகிறேன்."

றொசல்ல ஸ்டேஷனில் நான் ஒருவன்தான். ஸ்டேஷன் மாஸ்டர் எட்டிப் பார்த்து, "கோச்சிய பரக்குயி மாத்தயா" என்றார். சிங்களத்தில் ரயில் தாமதம் என்று அர்த்தம். ஒரு மணி நாற்பது நிமிடம் தாமதம். பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தேன். ஏழாவது கேள்வியில் போட்ட சரியை அடித்தேன், 'இல்லை' என்று எழுதினேன், ஓரத்தில் தொட்டி எங்கே இருக்கிறது, எங்கே மாற்ற வேண்டும் என்று மூன்று வரியும் எழுதினேன். மனது லேசானது. அந்தப் பனியில், யாருமில்லாத அந்த ஸ்டேஷனில், என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒருவருக்குப் பயன்படப் போகிறேன் என்று தோன்றியது. அது பொய்யில்லை, அப்போது உண்மையாகவே தோன்றியது.

கொழும்பில் பெரிய ஐயா படிவத்தைப் படித்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். "பதினொன்றில் பத்து ஆம். நல்ல தோட்டம்தானே?" என்றார். "நீ இல்லை என்று எழுதினால் அவன் வாங்க மாட்டான். அவன் வாங்காவிட்டால் அந்தத் தோட்டத்துத் தேயிலைக்கு விலை விழும். விலை விழுந்தால் முதலில் யாருக்கு வேலை போகும்? உனக்குத் தண்ணீர் கொடுத்தாளே, அவளுக்குத்தான். யோசித்துப் பார். தோட்டத்துக்கு நான் தனியாகக் கடிதம் போட்டு, தொட்டியை மாற்றச் சொல்கிறேன்." புதிய படிவம் ஒன்று தயாராக மேசையில் இருந்தது.

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது, பாருங்கள்! இன்றைக்கும் அந்தப் பேச்சில் எந்த இடம் ஓட்டை என்று எனக்கு உடனே சொல்லத் தெரியாது. எனக்கு அந்த வேலையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது என்பது மட்டும் தெரிந்தது. கையெழுத்துப் போட்டேன். அவர் தோட்டத்துக்குக் கடிதம் போடவில்லை. நான் போட்டிருக்கலாம், ஒரு முத்திரை என்ன பெரிய விலை? இன்றைக்குப் போடுவோம், நாளைக்குப் போடுவோம் என்று நாள் போனது. போட்டது தெரிந்தால் என்று ஒரு பயமும் இருந்தது. பிறகு நினைப்பதையே விட்டுவிட்டேன்.

ஆர்டர் இரண்டு மடங்கானது. அந்தக் கடைக்காரர் பச்சை மலையும் ஓடையும் படம் போட்ட பெட்டியில் எங்கள் தேயிலையை விற்றார். ஒரு பெட்டியை எங்களுக்கும் அனுப்பியிருந்தார், அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்தார்கள். அந்த ஓடையைப் பார்த்துக்கொண்டே இரண்டு வருடம் வேலை செய்தேன்.

1981 தொடக்கத்தில் அந்தக் கடைக்காரரிடமிருந்து ஓர் அம்மா நேரில் வந்தார். முழங்கால் வரை சப்பாத்து, தோளில் சொந்தத் தண்ணீர்ப் புட்டி. யார் எதைக் கொடுத்தாலும் குடிக்கவில்லையாம். பீலியைப் பார்த்ததும் ஒருவரிடமும் ஒரு கேள்வியும் கேட்காமல், ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே ஏறிப் போயிருக்கிறார். இருநூறு கஜ தூரத்தில் தொட்டி, சுற்றிலும் காலி டின்கள். மூன்று வாரத்தில் ஆர்டர் ரத்து என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை நான்தான் கோப்பில் போட்டேன், அதனால் சொல்கிறேன். இல்லை என்று எழுதியிருந்தால் திருத்துவதற்கு ஆறு மாதம் அவகாசம் கொடுத்திருப்போம், தண்ணீருக்காக நாங்கள் விலகவில்லை, பொய்க் கையெழுத்துக்காக விலகுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அதைக் கேள்விப்பட்டு இன்னும் இரண்டு கடைகள் கழன்றுகொண்டன. பெரிய ஐயா நியாயம் பேசிக் காப்பாற்றிய வியாபாரம் அதே நியாயத்தால் போனது.

"நேரில் பார்த்தவன் நீதானே?" என்று அவர் என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். தோட்டத்தில் தொட்டியை மாற்றிவிட்டார்களாம், போய் உறுதி செய்துகொண்டு வா, அவர்களுக்கு எழுதிப் பார்ப்போம் என்று அனுப்பினார்.

அதே ஒன்பதே முக்கால் ரயில். டிக்கெட் ஏறியிருந்தது, பதினாறு ரூபாய். நானாவுக்கு என்னை நினைவிருந்தது. "இன்னும் தனியாத்தானா தம்பி?" என்று கேட்டார். மறுநாள் காலை மலை ஏறிப் போனேன். புதிய தொட்டி பீலிக்குக் கீழே, ரோட்டு வளைவில் இருந்தது. பழைய இடத்தைவிட ரோட்டுக்குக் கிட்ட. எவ்வளவு வேலை ஆனது என்று கேட்டேன். "ரெண்டு ஆளு, ஒன்றர நாளு, மூணு மூட சீமெந்து" என்றார் கண்டாக்கையா. "இதுதாங்க நல்ல எடம். டிரம்மத் தூக்கிக்கிட்டு மேல ஏறுற வேலையும் மிச்சமாப் போச்சு." எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஒன்றரை நாள்.

மூன்றாவது லயத்தின் கடைசிக் காம்பராவுக்குப் போனேன். லூர்தம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். வலது கால் இழுத்தது.

"என்ன ஆனது அக்கா?"

"அது போன வருசம், மழையில. ஊத்துப் பாதையில கொடத்தோட விழுந்துட்டேன். இடுப்புல அடி. கொழுந்துக்குப் போக முடியாது, இப்ப பிள்ள மடுவத்துல தொட்டிலாட்டுற வேல." அதைச் சொல்லிவிட்டு, உடனே முகம் மலர்ந்து, "இருங்க, இருங்க" என்று பீலிக்கு நொண்டிக்கொண்டே போய், ஒரு சொம்பு தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"குடிங்க ஐயா. பீலித் தண்ணிதான். இப்பத்தான் நொரயெல்லாம் வர்றதில்லயே! லயத்துல எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன், அந்தக் கொழும்பு ஐயா சொன்ன மாதிரியே எழுதிட்டாருன்னு. ரெண்டு வருசம் ஆயிருச்சு. தபாலு லேட்டாத்தான் போய்ச் சேந்துருக்கு போல. இருந்தாலும் எழுதுனீங்களே!"

அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அந்த இடத்தில் ஒரு வாய்ப்பு இருந்தது. இல்லை அக்கா, நான் எழுதவில்லை என்று நான்கு வார்த்தை. என்னைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஆட்கள் உலகத்தில் அவர்கள் மட்டும்தான் என்பது அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது. அதை இழக்க மனம் வரவில்லை. சொம்பை வாங்கிக் குடித்தேன். ரொட்டியும் சாப்பிட்டேன். றொசல்லவுக்கு நடக்கும்போது ஊற்றுப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

வந்த மாதமே வேலையை விட்டேன். அதில் தியாகம் ஒன்றும் இல்லை, கம்பெனியே ஆட்டம் கண்டிருந்தது. பிறகு பாடசாலை ஒன்றில் எழுதுவினைஞர் வேலை, கல்யாணம், இன்னும் என்னென்னவோ. மனைவி காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அவளிடம்கூட இதைச் சொன்னதில்லை. இப்போதெல்லாம் கம்பெனிகள் பொறுப்பு, சுற்றாடல் என்று பளபளப்பான புத்தகம் அடித்துத் தருகிறார்கள். நல்லதுதான். நான் அதில் முதலில் தேடுவது, யார் நேரில் போய்ப் பார்த்தது, எங்கே வைத்துக் கேட்டது, பக்கத்தில் யார் நின்றது என்பதைத்தான்.

இனி, போகிறவர்களுக்கு. குளிராடை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனிலிருந்து தோட்டப் பாதையில் நடக்க நல்ல சப்பாத்து வேண்டும், மழைக் காலத்தில் வேண்டவே வேண்டாம், அந்தப் பாதை வழுக்கும். மெதுவான ரயில்தான் றொசல்லவில் நிற்கும், கடுகதி நிற்காது, நேரத்தை ஸ்டேஷனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், நான் சொன்ன நேரமெல்லாம் அந்தக் காலத்து நேரம். லயங்களுக்குள் போக விடுவார்களா என்று கேட்டீர்கள். விடுவார்கள், கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். தண்ணீர் கொடுத்தால் மறுக்காமல் குடியுங்கள். குடித்த பிறகு, இது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், தனியாக, மெதுவாக.

இன்னொரு உதவி. என் முழங்கால் இனி அந்த ஏற்றம் ஏறாது. ஸ்டேஷனிலிருந்து முகட்டைத் தாண்டினால் ஊற்று, அங்கிருந்து இறங்கினால் பீலி, பீலிக்குப் பக்கத்தில் மூன்றாவது லயம், கடைசிக் காம்பரா. லூர்தம்மா இருந்தால் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார். இல்லாவிட்டால் அவர் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களிடம் சொல்லுங்கள்: தபால் லேட்டாகவில்லை, அந்தக் கொழும்பு ஐயா அதைப் போடவே இல்லை.